ஹீட்டர் கம்பியின் எட்டாவது படம்

1

இந்தக் கதை கதையாகப் பிறக்கவில்லை, செய்முறைக் குறிப்பாகப் பிறந்தது. வேறு ஊரில் குடியிருக்கும் மகள் போன வாரம் தொலைபேசியில் கேட்டாள்: "அப்பா, அம்மா ஹீட்டர எப்படி சர்வீஸ் பண்ணுவாங்கன்னு ஒரு தாள்ல எழுதி அனுப்புங்களேன். ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போட்டு."

நம்பர் போட்டுத்தான் ஆரம்பித்தேன். இரண்டைத் தாண்டுவதற்குள் குறிப்புக்குள் ஆட்கள் நடமாடத் தொடங்கிவிட்டார்கள். நம்பர்கள் மட்டும் அப்படியே நிற்கின்றன.

கதையில் வரும் "அவர்" நான்தான், மறைக்க ஒன்றுமில்லை. முப்பத்து நான்கு வருஷம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தினேன். அடுத்தவர் எழுத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் என் கண்ணில் குத்தும். என் எழுத்தில் யானையே படுத்துக் கிடந்தாலும் தெரியாது. அதனால் என்னை "அவர்" என்று எழுதிப் பார்க்கிறேன். பிழை அகப்பட்டாலும் அகப்படும்.

2

முதல் தொடக்கம்:

[குளிர் மிகுந்த ஒரு காலைப் பொழுதில், ஆவி பறக்கும் வெந்நீரின் முன்னால் அவர்—]

வேண்டாம். அவர் மனைவி இதைப் படித்திருந்தால், "ஆவி பறக்குதுன்னா தெர்மோஸ்டாட்ட ஏத்தி வெச்சிருக்கீங்கன்னு அர்த்தம்" என்றிருப்பாள்.

இரண்டாவது தொடக்கம், கொஞ்சம் அடக்கமாக:

அவர் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். பெயரும் தேதியும் ஒட்டாத குப்பி குப்பைக்குப் போகும் என்பது அங்கே சட்டம். வேலையை விட்டு வந்த பிறகும் சட்டம் அவளை விடவில்லை. குளிர்பெட்டியில் இருக்கும் டப்பாவுக்குத் தேதி. டார்ச் பேட்டரிக்குத் தேதி. ஒரு மதியம் சாய்வு நாற்காலியில் அயர்ந்துபோன அவர், விழித்துப் பார்த்தபோது சட்டைப் பையில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அன்றைய தேதி. கீழே, "உறங்க வைத்த நேரம் 2.10."

குளியலறைச் சுவரில் மாட்டியிருந்த இருபத்தைந்து லிட்டர் ஹீட்டரும் தப்பவில்லை. அதன் அடி மூடியில், அழியாத மையில், ஒவ்வொரு தடவை திறந்து பார்த்ததற்கும் ஒரு தேதி. ஒன்றன் கீழ் ஒன்றாக ஆறு.

இந்தத் தொடக்கம் இருக்கட்டும்.

3

(மகள் கவனிக்க: குறிப்பு இங்கேதான் இருக்கிறது.)

காலைச் சாப்பாடு முடிந்ததும் அவள் அவருடைய பழைய சட்டை ஒன்றை மாட்டிக்கொள்வாள். முதலில் மெயின் சுவிட்சை அணைப்பாள், தன் கையால். "அணைச்சுட்டேன்" என்று அவர் சொன்னால் நம்பமாட்டாள். போய்ப் பார்த்துவிட்டு வருவாள். பிறகு தண்ணீர் உள்ளே வரும் குழாயை மூடுவாள், வெந்நீர்க் குழாயைத் திறந்து தொட்டியைக் காலி செய்வாள். முக்காலிமேல் ஏறி நாலு திருகாணியைக் கழற்றினால் அடி மூடி கையோடு வந்துவிடும். அதற்குமேல் வட்டத்தகடு. தகட்டில்தான் சூடேற்றும் காயிலும் மெக்னீசியக் கம்பியும் நிற்கும்.

டார்ச் பிடிப்பது அவர் வேலை.

"ஏங்க, டார்ச்ச என் மூஞ்சியில அடிச்சா நட்டு கழண்டுடுமா?"

"பின்ன எங்க அடிக்கறது?"

"நான் பாக்கற எடத்துல."

"நீ எங்க பாக்கறேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"முப்பது வருஷமா கூட இருக்கீங்க. அதுகூடத் தெரியலன்னா டார்ச்சு எதுக்கு, கண்ணாடிய மாத்துங்க."

காயிலில் படிந்த உப்பை மரக்கரண்டிக் காம்பால் தட்டி உதிர்ப்பாள். இரும்பால் சுரண்டமாட்டாள். மிச்சத்துக்கு வினிகர் ஊற்றிய வாளி. கம்பியைக் கழற்றி எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோவாள். இதுதான் அவளுக்குப் பிடித்த கட்டம். ஒரு சாண் நீளம், சுண்டுவிரல் தடிமன். தண்ணீர் தொட்டியின் இரும்பை அரிக்க வரும்போது முதலில் இந்தக் கம்பியைத்தான் தின்னும். கம்பி மிச்சம் இருக்கும்வரை தொட்டிக்குக் கேடில்லை.*

பழைய கம்பியை ஒரு கட்டத்தாள்மேல் படுக்கவைத்து, பென்சிலால் சுற்றி வரைவாள். பக்கத்தில் தேதி. ஹீட்டர் வாங்கிய அன்று புதுக் கம்பியையே கழற்றி முதல் படம் வரைந்துவிட்டாள். "புதுசு எப்படி இருந்துச்சுன்னு தெரியாம பழசப் பாத்து என்ன பண்றது?" ஆக மொத்தம் ஏழு படங்கள். மகள் சின்னவளாக இருந்தபோது கேட்டாளாம்: "எல்லார் வீட்லயும் புள்ளைங்க வளர்றதச் செவுத்துல குறிப்பாங்க. நம்ம வீட்ல ஹீட்டர் இளைக்கறதக் குறிக்கறீங்களேம்மா?"

புதுக் கம்பி, புது வாஷர், எல்லாம் மாட்டியபின் தண்ணீரைத் திறப்பாள். வெந்நீர்க் குழாய் முதலில் காற்றாகத் துப்பும், இருமும், திக்கும், பிறகு சீராக ஒழுகும். அதற்குமுன் சுவிட்சுப் பக்கம் போனால் தொலைந்தோம். காலித் தொட்டியில் காயில் கருகிவிடும். "மொதல்ல தண்ணி பேசி முடிக்கட்டும். அப்புறம் நீங்க போடுங்க." சுவிட்சைப் போடும் மரியாதை அவருக்கு.

* இந்த இடத்தில் வாசகர் எதிர்பார்க்கும் வாக்கியம் எனக்குத் தெரியும். எழுதியும் பார்த்தேன்: [அவளும் அந்தக் கம்பியைப் போலத் தன்னைக் கரைத்து—] அடித்துவிட்டேன். அவள் யாருக்காகவும் கரையவில்லை. பசித்தால் முதலில் உட்கார்ந்து சாப்பிட்டாள். மதியம் ஒரு மணி நேரம் யார் வந்தாலும் எழுந்திருக்கமாட்டாள். கரையும் வேலைக்கு அவள் கம்பியை வாங்கிப் போட்டாள். அவளிடம் நான் வியந்தது அதைத்தான்.

4

இந்தப் பகுதியை நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது. போவதற்கு ஆறு மாதம் முன்னால் ஒரே கடையில், ஒரே நாளில், இரண்டு கம்பிகள் வாங்கினாள். ஒன்றைத் தங்கள் ஹீட்டரில் போட்டாள். அடுத்த வாரம் மகள் வீட்டுக்குப் போனபோது மற்றதை அங்கே போட்டாள். இரண்டு மூடியிலும் தேதி எழுதினாள்.

அவள் போய் ஒன்றரை வருஷம் கழித்து அவர் முறைப்படி புதுக் கம்பி வாங்கி வந்தார். பழைய சட்டையைப் போட்டுக்கொண்டார். முக்காலியில் ஏறினார். மூடியில் இருந்த ஆறாவது தேதியைப் பார்த்தார். அதற்குக் கீழே தன் கையெழுத்தில் ஒரு தேதி வந்தால், அவளுடையது கடைசித் தேதி என்பது போய், கடைசிக்கு முந்தின தேதி ஆகிவிடும்.

ஆயுள் முழுக்க அடுத்தவர் பிரதியில் தன் சொல் ஒன்றைக்கூடச் சேர்க்காமல் இருந்தவர் அவர். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கீழே இறங்கிவிட்டார். கம்பி உறை பிரிக்காமல் அலமாரிக்குப் போயிற்று.

மகள் கேட்டபோது, "மாத்திட்டேம்மா" என்றார்.

போன வருஷம் மகள் இன்னொன்றும் கேட்டாள். "எங்க வீட்டதும் பாக்கணுமாப்பா?"

"அவசரமில்லம்மா. அம்மா கையால போட்டது. தாங்கும்."

மெய்ப்புத் திருத்துபவனாக அந்த வாக்கியத்தைத் திரும்பப் படிக்கிறேன். ஒற்றுப்பிழை இல்லை. எழுத்துப்பிழை இல்லை. வாக்கியம் மட்டும் பொய்.

5

ஒரு காலையில் வாளியில் தண்ணீர் தேயிலை நிறத்தில் விழுந்தது. ஹீட்டரின் அடியிலிருந்து சொட்டு. மெக்கானிக்கை அழைத்தார்.

தெருவில் அந்த மெக்கானிக்குப் பெயரே "பத்து நிமிஷம்." எப்போது அழைத்தாலும் பத்து நிமிஷத்தில் வருவதாகச் சொல்லிவிட்டு மறுநாள் வருவார்.

முதல் வரைவில் இவரை ஏமாற்றுக்காரராக எழுதியிருந்தேன். [நல்ல தொட்டியைக் கெட்டது என்று சொல்லிப் புதியதைத் தலையில் கட்டும்—] கதைக்குக் கெட்டவர் ஒருவர் வேண்டும் என்ற பழக்கம்தான் காரணம். அது இவருக்குச் செய்யும் துரோகம். இந்தக் கதையில் எல்லோரும் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்தார்கள், ஒருவரைத் தவிர. அவர் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார்.

மெக்கானிக் தகட்டை இறக்கினார். மெக்னீசியம் ஒரு துளி இல்லை. நடுவிலிருந்த மெல்லிய இரும்பு மட்டும் நின்றது.

"கம்பி எங்க சார் இருக்கு, இது ஈர்க்குச்சி" என்றார். தொட்டியின் அடி ஓரத்தை ஸ்குரூடிரைவர் நுனியால் தொட்டார். தொட்ட இடம் உள்ளே போயிற்று. "அவ்வளவுதான். இதுல ஒட்டுப் போட எடமில்ல. புதுசுதான் சார்."

"வேற வழியே இல்லையா?"

"தொட்டி போனா ஹீட்டர் போச்சு. மத்ததெல்லாம் மாத்தலாம்." மூடியைக் கையில் எடுத்தவர் தேதிகளைப் பார்த்துவிட்டார். "இது யாரு எழுதினது?"

அவர் போய்க் கட்டத்தாளை எடுத்துவந்து கொடுத்தார். மெக்கானிக் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். துணி இருந்தது, துணி அழுக்கு என்று சட்டையில் துடைத்தார். வெகு நேரம் பார்த்தார்.

"சார், இவங்க புத்தகத்துல போட்டிருக்கற வருஷக் கணக்குக்கு மாத்தல. கம்பியப் பாத்து மாத்தியிருக்காங்க. இதோ பாருங்க, மூணாவது படத்துல ரொம்ப இளைச்சிருக்கு. அடுத்த தடவ ஆறு மாசம் முன்னாலயே தெறந்துட்டாங்க. நாலாவதுல ஒரு பக்கம் மட்டும் தின்னிருக்கு, அப்புறம் வந்ததெல்லாம் சீரா இருக்கு. என்ன பண்ணாங்க?"

"காயில் பக்கமா சாஞ்சிருக்குன்னு சொன்னா. நிமித்தி மாட்டினா."

"அப்பிடிப் போடு." மெக்கானிக் தலையை ஆட்டினார். "நான் இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன் சார். இந்தத் தண்ணிக்கு ஒரு ஹீட்டர் எட்டு வருஷம் ஓடினா அதுக்கு மாலை போடலாம். இது பதினஞ்சு ஓடியிருக்கு. மேடம் இருக்காங்களா?"

"இல்ல."

"ஓ." தாளைப் பார்த்தபடியே, "ஏழாவதுக்கு அப்புறம்?"

"அதுக்கப்புறம் நான்."

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். மூடியைப் பார்த்தார். ஆறாவது தேதிக்குக் கீழே இருந்த வெள்ளையைப் பார்த்தார். "சரி, விடுங்க சார். ஹீட்டர்தானே" என்றார். பிறகு, "அந்த ஈர்க்குச்சியத் தூக்கிப் போட்டுடாதீங்க. படம் போட வேண்டாமா?"

6

இனி முடிவுகள்.

முதல் முடிவு: [பழைய மூடியைச் சட்டம் போட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டினார். காலை வெயில் அவள் எழுத்தின்மேல்—] அவர்கள் கூடத்தில் காலை வெயில் வராது. தவிர, "ஹீட்டர் இல்லாத மூடிக்கு ஆணி வேறயா?" என்பாள்.

இரண்டாவது: [புது ஹீட்டரில் தண்ணீர் நிரம்பியபோது குழாயின் இருமலில் அவருக்கு அவள் குரல்—] அது காற்று. வெறும் காற்று. எனக்கு நன்றாகத் தெரியும்.

நடந்தது இது. ஈர்க்குச்சியைக் கட்டத்தாளில் ஏழாவது படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். சுற்றி வரைய அதில் சுற்றளவு இல்லை. போன கோடும் வந்த கோடும் ஒன்றாகிவிட்டன. அந்த ஒற்றைக் கோடும் கோணல். பக்கத்தில் தேதி போட்டார். அவள் எழுத்துக்குப் பக்கத்தில் அவர் எழுத்து கோழி கிளறியது போல இருந்தது.

மறுநாள் புது ஹீட்டர் வந்தது. சுவரில் ஏற்றுவதற்குமுன் கம்பியைக் கழற்றித் தரச் சொன்னார். மெக்கானிக் ஏன் என்று கேட்கவில்லை. தாளைத் தானே பிடித்துக்கொண்டார், நகராமல். ஒன்பதாவது படம் தடிமனாக வந்தது.

போகும்போது மெக்கானிக் தயங்கி நின்றார். "சார், தப்பா நெனைக்கலன்னா, அந்தப் பழைய மூடிய நான் எடுத்துக்கட்டுமா? கடையில மாட்டறேன். சர்வீஸெல்லாம் எதுக்குன்னு கேக்கறவங்களுக்குக் காட்டணும்."

அவர் கொடுத்துவிட்டார். யோசிக்காமல் கொடுத்தார் என்று எழுத ஆசை. யோசித்துத்தான் கொடுத்தார்.

7

இனி "அவர்" வேண்டாம். மகளே, நான்தான்.

நீ செய்முறை கேட்டாய். அம்மா உன் வீட்டில் கம்பி மாற்றியபோது டார்ச் பிடித்தவள் நீ. என்னைவிட நன்றாகப் பிடித்தாய் என்று ஊருக்குத் திரும்பியதும் நாலு நாள் குத்திக் காட்டினாள். உனக்குக் குறிப்பு எதற்கு? உன் முக்காலியும் அம்மா தேதி எழுதிய உன் வீட்டு மூடிக்குக் கீழே ஒரு தடவை நின்றுவிட்டுத் திரும்பியிருக்கும் என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் இந்தப் பத்தியை அடித்துவிடு.

"தாங்கும்" என்று நான் சொன்னதைக் கட்டாயம் அடித்துவிடு. "மாத்திட்டேம்மா" என்பதையும்.

இரண்டும் ஒரே நாளில் வாங்கிய கம்பி. என்னுடையது ஈர்க்குச்சி ஆகிவிட்டது. தண்ணிக்குத் தண்ணி வேற என்பாள் அம்மா. உன் ஊர்த் தண்ணீர் சாது என்று மெக்கானிக்கும் சொல்கிறார். உன்னுடையதில் பாதி மிச்சமிருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். கதை எழுதுகிறவனுக்கு முடிவு தெரிந்திருக்க வேண்டும் என்பார்கள். மூடியைக் கழற்றாமல் உள்ளே இருப்பதைச் சொல்ல மாட்டேன். ஒரு தடவை சொன்னது போதும்.

பொட்டலத்தில் என் அலமாரியில் கிடந்த புதுக் கம்பி இருக்கிறது. அளவு ஒன்றுதான். உறைமேல் வாங்கிய தேதி எழுதியிருக்கிறேன். ஒரு கட்டத்தாளும் வைத்திருக்கிறேன். உன் ஹீட்டரிலிருந்து எடுக்கும் கம்பியை அதன்மேல் படுக்கவைத்து, சுற்றி வரைந்து, தேதி போடு. அதுதான் இந்தக் கதையின் முடிவு. தடிமனாகவோ ஒற்றைக் கோடாகவோ, எப்படி வந்தாலும் எனக்கு அனுப்பு. திருத்தமாட்டேன்.

மெயின் சுவிட்சை முதலில் அணை. வேறு யாராவது அணைத்துவிட்டதாகச் சொன்னாலும் போய்ப் பார். எல்லாம் முடிந்ததும் குழாயைத் திறந்துவிட்டுப் பக்கத்தில் நில். தண்ணீர் பேசி முடிக்கட்டும். அப்புறம் போடு.