இப்ப யாரு ஆட்சி?

“ஐயா, இது என்ன மாசம்?”

அப்பா ஆக்ஸிஜன் முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டு மாதத்தைச் சொன்னார். கேட்காமலே கிழமையையும் சேர்த்துக்கொண்டார்.

“இது எந்த இடம்?”

“ஆஸ்பத்திரி. மூணாவது மாடி. லிப்ட் ஓடல.”

டாக்டர் சிரித்தார். மகளைவிடச் சின்ன வயசுப் பெண். “இப்ப ஆட்சியில யாரு இருக்கா?”

அப்பா ஒரு பெயரைச் சொன்னார். நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவருக்கு, அந்தப் பெயரைச் சொல்ல மட்டும் எங்கிருந்து அத்தனை காற்று வந்ததோ, கணீரென்று வந்தது. போன தேர்தலில் மண்ணைக் கவ்விய ஆளின் பெயர்.

டாக்டரின் சிரிப்பு நின்றது. “நல்லா யோசிச்சுச் சொல்லுங்க ஐயா. இப்ப யாரு ஆட்சி?”

அதே பெயர்.

டாக்டர் முகமூடியை ஏற்றி வாரைச் சரிசெய்துவிட்டு, கட்டிலுக்கு மறுபக்கம் நின்ற மகளைப் பார்த்துத் தலையசைத்தார். இருவரும் அறைக்கு வெளியே நடைக்கு வந்தார்கள்.

“தொண்டையில குழாய் வேண்டாம்னு காலையில சொன்னார். தெளிவா இருந்து சொன்னா அதை நாங்க மீற முடியாதும்மா. ஆனா இப்ப பாருங்க, யாரு ஆள்றாங்கன்னே தெரியல. நுரையீரல் வேலை செய்யாம ரத்தத்துல கரியமில வாயு ஏறினா புத்தி இப்படித்தான் தடுமாறும். அப்போ அவர் வேண்டாம்னு சொன்னதையும் கணக்குல எடுத்துக்க முடியாது. நீங்கதான் முடிவு சொல்லணும்.”

“குழாய் வெச்சா பொழைச்சுக்குவாரா?”

“கொஞ்ச நாள் இழுக்கலாம். திரும்ப எடுக்க முடியுமான்னு சொல்ல முடியாது. மத்த வார்டைப் பாத்துட்டு வந்து இன்னொரு தடவை கேக்கறேன். அப்பவும் இதே பதில்னா, குழாய் போட்டுடலாமா?”

மகளுக்குத் தெரியும். அப்பாவின் புத்தி துளியும் தடுமாறவில்லை. வாக்கு எண்ணி முடித்த அன்று மாலை தொலைக்காட்சியை அணைத்தவர், “இதெல்லாம் ஒரு தேர்தலா” என்றதோடு சரி. அவரைப் பொறுத்தவரை ஆட்சி மாறவேயில்லை. வீட்டுக்குக் கணக்கெடுப்புக்கு வந்தவரிடமும் இதைத்தான் சொன்னார், கடைக்கு வரி கேட்டு வந்தவரிடமும் இதைத்தான் சொன்னார். வென்றவரின் பெயர் அவர் வாயில் ஒரு தடவைகூட வந்ததில்லை. டாக்டரிடம் இதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும்.

வாயைத் திறந்தாள். “சரிங்க டாக்டர்” என்றுதான் வந்தது.

டாக்டர் போன பிறகு அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. நடையின் அந்தக் கோடிவரை போனாள், வந்தாள். குடிநீர்க் குழாயைத் திறந்தாள், குடிக்காமல் மூடினாள். ஆடைத் தொழிற்சாலையில் தையல் சோதிக்கிற கை. சும்மா இருக்கத் தெரியாது. ஜன்னல் திரையின் மடிப்பை விரல்களால் நீவிக்கொண்டே போய், நூல் பிரிந்த இடத்தில் நின்றாள். பிறகு போனை எடுத்தாள்.

சித்தப்பா கீழே தேநீர்க் கடையில்தான் இருந்தார். அப்பாவைச் சேர்த்த நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறார். மேலே வரக்கூடாது என்று அவரைத் தடுத்து வைத்ததே அவள்தான். “நீங்க வந்தா வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்க. அவரும் இருக்க மாட்டார். மூச்சுக்கே பஞ்சம் சித்தப்பா” என்று சொல்லியிருந்தாள். சித்தப்பா ஆளுங்கட்சி.

அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே கண்ணாடிக் கடை, ஒரே மேஜை. சித்தப்பா அளந்து வெட்டுவார், அப்பா விளிம்பைத் தேய்ப்பார். தேய்த்த தூள்தான் இப்போது அப்பாவின் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. ஆளுயரத் தகட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு சாலையைக் கடக்கும்போதும் இருவரும் கட்சிச் சண்டை போட்டுக்கொண்டுதான் போவார்கள். கோபம் வந்தால் உதறிவிட்டுப் போக முடியாத தொழில். அம்மா இருந்தவரை வாசலில் நின்று கத்துவாள்: “ரெண்டு பேரும் கத்திக் கத்தி எந்த ஆட்சியைக் கவுத்தீங்க?” மகள் கத்தவில்லை. அப்பா என்ன சொன்னாலும் “சரிப்பா” என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் பழகியிருந்தாள்.

மூன்று மாடியும் ஏறி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார் சித்தப்பா. “என்னாச்சு பாப்பா?”

சொன்னாள். கேட்டு முடிப்பதற்குள் சித்தப்பாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. “அந்தப் பேரு உங்கப்பன் வாயிலேர்ந்து வருமா! வர வைக்கறதுக்கு நான் என்னென்ன பண்ணிப் பாத்திருக்கேன். பந்தயம் கட்டினேன், பிரியாணி வாங்கித் தரேன்னேன்...” நர்ஸ் எட்டிப் பார்த்து முறைக்கவும் குரலைத் தாழ்த்தினார். “டாக்டர்கிட்ட சொன்னியா, அண்ணன் எப்பவும் இப்படித்தான்னு?”

“இல்ல.”

“ஏன்?”

அவள் திரையின் நூலைப் பிடித்து இழுத்தாள். “நீங்களும் சொல்லாதீங்க.”

சித்தப்பாவின் முகத்தில் மிச்சமிருந்த சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. “குழாய் வேண்டாம்னு அண்ணன் வாயால சொன்னாரா?”

“சொன்னார்.”

“அப்புறம் எப்படிம்மா?”

“அதனாலதான் கூப்பிட்டேன். அவரே சரின்னு சொல்லிட்டா ஒரு வம்பும் இல்ல. வாழ்க்கை பூரா அவரோட வாதாடியிருக்கீங்க. இந்த ஒரு தடவை ஜெயிச்சுட்டு வாங்க.”

“நான் எங்க பாப்பா ஜெயிச்சேன்?”

“இத்தனை வருஷத்துல ஒரு விஷயத்துலகூடவா அவர் மனசை மாத்தல?”

சித்தப்பா நிஜமாகவே யோசித்தார். “எங்க ஆளுங்க போட்ட ரோடு பரவாயில்லன்னு ஒரு தடவை ஒத்துக்கிட்டார். மறுநாள் மழை பெஞ்சுது. வாபஸ் வாங்கிட்டார்.”

உள்ளே போனார்கள். அப்பா கண்ணைத் திறந்தார். தம்பியைக் கண்டதும் முகமூடியை இழுத்துக் கீழே விட்டார்.

“வந்துட்டான்யா... ஆளுங்கட்சி.”

“எதிர்க்கட்சி படுத்துக்கிட்டா நாங்கதானே வந்து பாக்கணும்.” சித்தப்பா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “ஏண்ணே, குழாய் வேண்டாங்கறியாமே?”

“வேண்டாம்.”

“அடுத்த தேர்தல் வருது. நீ போய்ட்டா உங்க ஆளுக்கு ஒரு ஓட்டுக் குறையும், தெரியுமில்ல?”

இருவரும் ஒரே ஸ்கூட்டரில் போய், ஒரே வரிசையில் நின்று, ஆளுக்கொரு பக்கம் குத்திவிட்டு, அதே ஸ்கூட்டரில் கடைக்குத் திரும்புகிறவர்கள். உன்னுதும் என்னுதும் கழிஞ்சு போச்சு, வீட்லயே தூங்கியிருக்கலாம் என்று ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் சொல்வார். இருந்தும் ஒரு தடவைகூடப் போகாமல் இருந்ததில்லை.

அப்பா மூச்சைச் சேர்த்துக்கொண்டார். “இனிமேதான்டா... உன் ஓட்டை... எண்ணுவாங்க. சந்தோஷமா இரு.”

“எனக்கு ஒண்ணும் அந்த ஓட்டு வேண்டாம். விளையாடாத அண்ணே. குழாயை வெச்சுக்க. பத்து நாளோ பதினஞ்சு நாளோ, நெஞ்சு தெளிஞ்சதும் எடுத்துடுவாங்க. நான் இங்கேயே இருக்கேன். தினம் பேப்பர் படிச்சுக் காட்டறேன்.”

“எந்தப் பேப்பர்?”

“உங்க கட்சிப் பேப்பரே வாங்கறேன். போதுமா?”

அப்பா மகளைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். “குழாய் வெச்சா... பேச முடியாதாமே.”

“அது கொஞ்ச நாளைக்கு.”

“நீ பேசுவ. நான்... கேட்டுக்கிட்டே கிடக்கணும். பதில் சொல்ல முடியாது.” நிறுத்தினார். நெஞ்சு ஏறி இறங்கியது. “அதுக்கு... ஆள் நான் இல்லடா.”

சித்தப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். கை உயர்ந்துவிட்டது, ஒரு வாதத்தை மேஜை மேல் வைக்கும்போது அவர் கை அப்படித்தான் உயரும். அது உயர்ந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்று, பிறகு மெல்ல இறங்கி அண்ணனின் போர்வையைச் சரிசெய்தது. முகமூடியை எடுத்து மூக்கின் மேல் பொருத்தினார். அப்பா தடுக்கவில்லை.

மகள் ஜன்னலுக்குப் போனாள். கீழே தேநீர்க் கடையில் யாரோ நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒன்று சாய்ந்தது. எடுத்து மறுபடி அடுக்கினார்கள். சித்தப்பாவின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை.

டாக்டர் வந்தார். மாதத்தைக் கேட்டார், இடத்தைக் கேட்டார். “ஐயா, இப்ப யாரு ஆட்சி?”

அப்பா தம்பியை ஓரக்கண்ணால் பார்த்தார். கண்ணில் ஒரு வெளிச்சம். பழைய பெயரையே சொன்னார்.

டாக்டர் பெருமூச்சு விட்டு மகள் பக்கம் திரும்பினார். மகள் ஜன்னல் கம்பியைப் பார்த்தாள்.

“டாக்டரம்மா,” என்றார் சித்தப்பா. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி, “டாக்டரம்மா. அண்ணன் தெளிவாத்தான் இருக்கார்.”

“யாரு ஆட்சின்னே தெரியலையே ஐயா.”

“தெரியும். ஒத்துக்க மாட்டார். எங்க ஆளு ஜெயிச்ச நாள்லேர்ந்து இதே பதில்தான். கடைக்கு வர்றவங்ககிட்ட கேட்டுப் பாருங்க. ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது நான் கேப்பேன், இதையேதான் சொல்லுவார். இன்னிக்கு வேற பேரைச் சொல்லியிருந்தா, அப்பதான் புத்தி தடுமாறிடுச்சுன்னு நானே உங்களைக் கூப்பிட்டிருப்பேன்.”

டாக்டர் நம்பலாமா வேண்டாமா என்று பார்த்தார். கட்டிலின் மேல் குனிந்து, “ஐயா, தேர்தல்ல உண்மையா ஜெயிச்சது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்றார்.

“தெரியும். இதோ... நிக்கறானே. இவன் ஓட்டுப் போட்ட ஆளு.”

“பேரு?”

“இவனைக் கேளுங்க.”

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. இது தெளிவு என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்பது அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். நிமிர்ந்தார். “நீங்க கூடவே இருக்கற பொண்ணு. நீங்க சொல்லுங்கம்மா. இவர் சொல்றது சரியா?”

மூவரும் அவளையே பார்த்தார்கள். இன்னும் ஒரு தடவை வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அப்பா இருப்பார். கண்ணை மூடிக்கொண்டு, வாயில் குழாயோடு, அவள் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டு இருப்பார்.

“சித்தப்பா சொல்றதுதான் சரி,” என்றாள்.

அந்த வீட்டில் அப்பா காதுபட யாரும் சொல்லத் துணியாத வாக்கியம். அப்பாவின் புருவம் உயர்ந்தது.

“நீயும்... அவன் கட்சியாடி?”

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நடைக்குப் போய், அடங்கிய பிறகு திரும்பி வந்தாள்.

மூச்சுத் திணறல் தெரியாமலிருக்க டாக்டர் ஒரு மருந்து கொடுக்கச் சொன்னார். மதியத்துக்கு மேல் அப்பா பேசவில்லை. சித்தப்பா பேசினார். புது மேம்பாலத்தைப் பற்றி, மின்சாரக் கட்டணத்தைப் பற்றி, பள்ளிக்கூடக் கூரைகளைப் பற்றி. மறுப்பு இருந்தால் போர்வையின் மேல் அப்பாவின் ஆள்காட்டி விரல் உயரும். முதலில் வாக்கியத்துக்கு வாக்கியம் உயர்ந்தது. பிறகு விட்டுவிட்டு. மகள் தலைமாட்டில் நிற்பாள், கால்மாட்டுக்குப் போவாள், தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைப்பாள், மறுபடி தலைமாட்டுக்கு வருவாள்.

வெயில் சுவரிலிருந்து இறங்கியபோது சித்தப்பா முக்காலியை இன்னும் நெருக்கிப் போட்டுக்கொண்டார். “அண்ணே, ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. இந்த உலகத்துல இதுவரைக்கும் நடந்த ஆட்சியிலேயே எங்க ஆட்சிதான் சுத்தமான ஆட்சி. ஒரு பைசா ஊழல் கிடையாது.”

விரலைப் பார்த்தார்.

“ஒரு பைசா கிடையாதுங்கறேன், அண்ணே.”

பார்த்துக்கொண்டே இருந்தார். மகள்தான் போய் நர்ஸைக் கூட்டி வந்தாள்.

காகித வேலை முடியும்வரை கீழே கூடத்தில் உட்காரச் சொன்னார்கள். இரும்பு நாற்காலிகள் வரிசையாகப் பிணைத்துப் போட்டிருந்தன. அப்பாவின் செருப்பும் சட்டையும் மூக்குக் கண்ணாடியும் இருந்த பையைத் தங்களுக்கு நடுவில் ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். சித்தப்பா உறவுக்காரர்களுக்குப் போன் செய்தார். ஒவ்வொருவரிடமும் “ஆமா, இன்னிக்குத்தான், ஆமா” என்று ஒரே வார்த்தைகளைச் சொன்னார். பிறகு கூப்பிட வேண்டியவர்கள் தீர்ந்துபோனார்கள்.

சுவரில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அமைச்சர் ஒருவர் பேருந்துக்குப் பச்சைக் கொடி காட்டினார். பயணக் கட்டணம் குறைக்கப்பட்டிருக்கிறது என்றது செய்தி.

“பாத்தியா, குறைச்சுட்டாங்க,” என்று சித்தப்பா பக்கத்தில் திரும்பிச் சொன்னார். சொல்லிவிட்டு நாற்காலியில் இருந்த பையைப் பார்த்தார். உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தொலைக்காட்சிப் பக்கமே திரும்பாமல் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

கணக்குப் பிரிவில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். அவர்களை இல்லை.

“குறைக்கல,” என்றாள் மகள்.

சித்தப்பா தலையைத் தூக்கினார்.

“தடத்தை ரெண்டா வெட்டிட்டாங்க. முன்னாடி வேலைக்கு ஒரே பஸ், ஒரு டிக்கெட். இப்ப நடுவுல இறங்கி மாறணும், ரெண்டு டிக்கெட். ரெண்டையும் கூட்டினா பழசைவிட ஜாஸ்தி.” அவள் விரல் விட்டு எண்ணிக் காட்டினாள். “தினமும் நான் போறேன் சித்தப்பா. எனக்குத் தெரியும்.”

“அது... அதிகாரிங்க பண்ற கோளாறும்மா. அதுக்குக் கட்சி என்ன பண்ணும்?”

“கொடி காட்டறது மட்டும் கட்சியா?”

சித்தப்பா அவளையே பார்த்தார். பிறகு நடுவிலிருந்த பையை இரண்டு கையாலும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அந்த நாற்காலிக்கு நகர்ந்து, அவள் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார்.

“சரி. முதல்லேர்ந்து சொல்லு. எந்தத் தடம்?”