பேய்க்கு ஒரு காரணம்

பழைய பேய்ப் படங்களை மறுபடி எடுப்பது தேவையா என்று டிவியில் நாலு பேர் உட்கார்ந்து விவாதம் செய்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். எடுக்கட்டுமே. பத்துத் தடவைகூட எடுக்கட்டும். ஒரு நல்ல பேய்ப் படம் மனிதனை என்ன பாடு படுத்தும் என்று அந்த நாலு பேருக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் ஒரு மாதம் குடியிருந்தால் தெரியும்.

முப்பத்திரண்டு வருடத்துக்கு முன் அந்தப் படத்தை எங்கள் வீட்டில்தான் எடுத்தார்கள். அப்பா வாடகைகூடக் கேட்கவில்லை. வாசலில் இருக்கும் கதவு எண் படத்தில் பளிச்சென்று தெரியவேண்டும், அது போதும் என்றார். நாளைக்கு எவனும் இது வேறு வீடு என்று சொல்லிவிடக் கூடாதாம். டைரக்டர் சொன்ன சொல் தவறாதவர். முதல் காட்சியிலேயே எண்ணைத் திரை முழுக்கக் காட்டினார்.

படம் சக்கைப்போடு போட்டது. கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஜன்னலோரம் ஒரு பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள். அவள் யார், எதற்காக உட்கார்ந்திருக்கிறாள் என்று கடைசிவரை யாரும் சொல்லமாட்டார்கள். அதற்கப்புறம் எங்கள் ஜன்னலைத் தாண்டும்போது மீசை வைத்த ஆம்பிளைகளே எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிப் போனார்கள்.

அக்கா அந்த ஜன்னல் அறையில்தான் கிளினிக் வைத்திருக்கிறாள். பல் டாக்டர். பல் டாக்டர் என்றாலே பாதிப் பேர் வலியைப் பொறுத்துக்கொண்டு வீட்டிலேயே கிடப்பார்கள். பேய் வீட்டில் பல் டாக்டர் என்றால் கேட்கவே வேண்டாம். குழந்தைகள் வாசல்படியிலேயே அழ ஆரம்பித்துவிடும். அப்பாவும் அம்மாவும் போனபிறகு அக்கா அங்கே தனியாக இருக்கிறாள். நான் மனைவி, குழந்தைகளோடு பத்து நிமிட தூரத்தில் அடுக்குமாடியில் இருக்கிறேன்.

போன வருடம் தெருமுனையில் கண்ணாடிக் கதவு போட்ட பல் மருத்துவமனை ஒன்று வந்தது. அக்கா ஈ ஓட்ட ஆரம்பித்தாள். ஒருநாள் கருவிகளைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"வருஷக் கடைசி வரைக்கும் பாப்பேன்டா. இப்படியே இருந்தா கிளினிக்கை மூடிட்டு அங்கயே சம்பளத்துக்குப் போயிடுவேன். நேத்து கூப்பிட்டுக் கேட்டாங்க."

இருபத்தேழு வருடம் தன் நாற்காலி, தன் விளக்கு, தன் நேரம் என்று இருந்தவள். இன்னொருத்தன் போடும் டியூட்டிக்குக் கையெழுத்துப் போடப் போகிறாளாம்.

அந்தச் சமயத்தில்தான் புது டைரக்டர் என் அலுவலகத்துக்கு வந்தார். பழைய படத்தை மறுபடி எடுக்கிறாராம். அதே வீடு வேண்டுமாம். வீடு எங்கள் இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது. அக்காவைக் கேட்டதற்கு "நீயே பேசிக்கோ, எனக்கு வேலையிருக்கு" என்றாளாம்.

எனக்கு மனசுக்குள் ஒரே கொண்டாட்டம். இவர்கள் வேறெங்காவது செட் போட்டு எடுத்தால் பேயும் அங்கேயே போய்த் தொலையும் இல்லையா? பிடி கொடுக்காமல் "வீடு தர முடியாது" என்றேன். அங்கேயே வாயை மூடியிருக்க வேண்டும்.

நான் காப்பீட்டு நிறுவனத்தில் சர்வேயர். தீப்பிடித்த கடை, கவிழ்ந்த லாரி, இடிந்த சுவர் எல்லாவற்றையும் பார்த்து, படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தை நிரப்புவதுதான் என் பிழைப்பு. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

டைரக்டர் பவ்யமாகத்தான் கேட்டார். "ஏன் சார் தர முடியாது?"

அக்காவைப் பற்றிச் சொன்னேன். கிளினிக் காற்று வாங்குவதைச் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் அவருடைய கஷ்டத்தைச் சொன்னார்.

"பழைய படத்துல அவ ஏன் உக்காந்திருக்கான்னு சொல்லவே இல்ல சார். இப்போ அது செல்லாது. ஜனங்க காரணம் கேக்கறாங்க. எனக்கு அதுதான் கிடைக்க மாட்டேங்குது."

"நிஜத்துலயே ஒருத்தி அந்த ஜன்னல்கிட்ட உக்காந்திருந்தா, தெரியுமா?" என்றேன்.

இதைச் சொல்லும்போது எனக்கு என்னமோ பெரிய ரகசியத்தைத் திறந்துவிட்ட பெருமை. அக்காவுக்கு இருபத்தொன்பது வயதில் கல்யாணம் முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை ஒருநாள் மத்தியானம் வந்து, பதிவுக் கல்யாணம் முடித்து, பார்த்து வைத்த வாடகை வீட்டுக்கு அவளைக் கூட்டிப்போவதாகப் பேச்சு. ஷூ போட்டு, பெட்டியைக் காலடியில் வைத்து, இரண்டு மணிக்கே ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். மூன்று மணிக்கு அவன் போன் செய்தான். மனசு மாறிவிட்டதாம். போனை வைத்துவிட்டு அதே இடத்தில் வந்து உட்கார்ந்தாள். ஷூவைக் கழற்றவில்லை. வெளிச்சம் குறைகிறவரை நான் கதவு இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் அவள் கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

டைரக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். வீடு தப்பித்தது என்று நினைத்துக்கொண்டேன். அட முட்டாளே.

படம் வந்த மறுநாள் மத்தியானக் காட்சிக்கு அக்காவை நான்தான் கூட்டிப்போனேன். செட் போட்டிருந்தார்கள். படத்தில் பாதிக்குமேல் பேயின் பழைய கதை. ஒரு டாக்டர் பெண். கல்யாணம் நிற்கிறது. ஷூவோடு, பெட்டியோடு ஜன்னலோரம் உட்காருகிறாள். உட்கார்ந்தபடியே செத்துப்போகிறாள். பழைய படத்துக்கு ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அலறியவர்கள் இந்தப் படத்துக்கு மூக்கைச் சிந்தினார்கள். பக்கத்தில் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. படம் முடிந்ததும் அக்கா நேரே கிளினிக்கைத் திறக்கப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் டைரக்டர் ஒரு பேட்டியில், இது பழைய படம் எடுத்த அந்த வீட்டில் நிஜமாகவே ஒரு பெண்ணுக்கு நடந்தது என்று சொல்லிவைத்தார். சொன்னதுதான் தாமதம், கிளினிக்கில் கூட்டம் நிரம்ப ஆரம்பித்தது. தெருமுனைக் கண்ணாடிக் கதவைத் தாண்டி வந்தார்கள். முன்பு வாசல்படியில் அழுத பிள்ளைகள் இப்போது ஜன்னலைத் தொட்டுப் பார்த்தன. அக்கா சம்பளத்துக்குப் போக வேண்டியதில்லை. நான் ஆசைப்பட்டது அப்படியே நடந்துவிட்டது.

மூன்று வாரம் கழித்துப் போனேன். உள்ளே ஒரு அம்மாள் சிகிச்சை முடிந்தும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை வருஷமா தனியாவே இருந்திட்டீங்களே டாக்டர். மனசுக்குக் கஷ்டமா இருக்கு."

அவரை அனுப்பிவிட்டு அக்கா கதவைச் சாத்தினாள். தண்ணீரைத் திறந்து கை கழுவ ஆரம்பித்தாள்.

"நீதான் சொன்னேன்னு தெரியும். அதைக் கேக்கல," என்றாள். "எதுவரைக்கும் பாத்தே?"

"எதைக்கா?"

"அன்னைக்கு. நான் பெட்டியோட உக்காந்திருந்தேனே."

"ஆறு மணி வரைக்கும். அப்புறம் பாக்க முடியல. சிநேகிதன் வீட்டுக்குப் போயிட்டேன்."

"ஆறேகாலுக்கு எதிர்வீட்டுக்காரர் கன்னம் வீங்கி வந்தார். கடவாப்பல்லு. வேர் வளைஞ்சு கிடந்துச்சு. முக்கா மணி நேரம் போராடினேன். ஷூவோடயே நின்னேன். அதுக்கு முன்னாடி அந்த மாதிரிப் பல்லை நான் தனியா எடுத்ததில்ல. முழுசா வெளிய வந்துச்சு. அப்புறம் பெட்டியைத் திறந்து துணியெல்லாம் அலமாரில அடுக்கினேன். அடுக்கும்போது எனக்குச் சந்தோஷமா இருந்துச்சுடா. அவன் வராதது நல்லதாப் போச்சுன்னு நினைச்சேன்."

இருபத்துநாலு வருடமாக அவளைப் பார்க்கும்போதெல்லாம் நான் பாவப்பட்டிருக்கிறேன். இன்னும் கால் மணி நேரம் இருந்து பார்த்திருந்தால் அவ்வளவும் மிச்சமாகியிருக்கும். சம்பவ இடத்தை விட்டுப் பாதியில் எழுந்து போன சர்வேயரின் அறிக்கையை நானாக இருந்தால் முகத்தில் விட்டெறிந்திருப்பேன்.

"மன்னிச்சிடுக்கா," என்றேன்.

"முன்னாடி பயந்துக்கிட்டு வந்தவங்க வாயைத் திறந்து காட்டிட்டு ஓடிடுவாங்க. ஆனா என்னை டாக்டராப் பாத்தாங்க. பேய் வீட்டுல தனியா உக்காந்து வைத்தியம் பாக்கறவ, நெஞ்சழுத்தக்காரின்னு எனக்கு ஒரு பேர் இருந்துச்சு. எனக்கு அது பிடிச்சிருந்துச்சு. இவங்க என்னடான்னா கையைப் பிடிச்சுக்கறாங்க. கையை விட்டாத்தானே நான் வேலை பாக்க முடியும்?"

அவள் புதுக் கையுறையை மாட்டிக்கொண்டு விளக்கைச் சரிசெய்தாள்.

"அடுத்தவங்களை வரச் சொல்லு."

கதவைத் திறந்தேன். வெளியே பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். யார் முகத்திலும் கொஞ்சம்கூடப் பயமில்லை.