பன்னிரண்டாம் தொகுதி

ஐந்தாவது சனிக்கிழமை அந்தப் பெண்மணி கதவுக் கம்பிகளுக்கு இடையே நீட்டிய புத்தகம் வெதுவெதுப்பாக இருந்தது. வெயிலில் கிடந்த சூடு அல்ல. யாரோ மடியில் வைத்திருந்ததை இப்போதுதான் எடுத்துவந்த மாதிரியான சூடு. "பெட்டிக்கு அடியில கிடந்துச்சு. தேடி எடுக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு" என்றாள். அட்டையில் ஒரு பொட்டுத் தூசு இல்லை. எனக்கு அது உறைத்தது. உறைத்தும், புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

நான் மருத்துவமனையில் மருந்தாளுநர். டாக்டர்களின் கிறுக்கலைப் படிப்பதுதான் பிழைப்பு. ஒன்பது வருடம் முன்பு மருத்துவமனை நூலகத்தைக் காலி செய்தபோது, கழித்துப்போட்ட குவியலில் அடர்சிவப்புத் துணி அட்டையோடு ஒரு புத்தகம் கிடந்தது. பழைய ஆங்கிலக் கவிதைகள், மூன்றாம் தொகுதி. மொத்தம் பன்னிரண்டு என்று முதல் பக்கத்தில் போட்டிருந்தது. அச்சிட்ட நிறுவனம் மூடி எத்தனையோ காலமாகிவிட்டது. பாதி வரிகள் எனக்குப் புரியவில்லை. ஆனாலும் அந்த மூன்று என்ற எண் என்னைத் தூங்கவிடவில்லை. ஒன்றும் இரண்டும் எங்கே, நான்கு யார் வீட்டில்? பழைய புத்தகக் கடை, ஏலம், பள்ளிக்கூட அலமாரி என்று அலைந்து, அதையும் சேர்த்து மொத்தம் ஐந்து தொகுதிகள் சேர்த்தேன். என் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். அவருக்கு என் பித்து நல்ல வேடிக்கை. "பன்னெண்டும் சேந்துட்டா என்ன பண்ணப்போற? வரன் பாத்து கட்டிக் கொடுக்கப்போறியா?" என்பார்.

மிச்சம் ஏழும் ஒரே இடத்தில் இருக்கின்றன என்று ஒரு சிறு விளம்பரம் வந்தபோது எனக்குக் கை கால் ஓடவில்லை. பூட்டிய இரும்புக் கதவும், சிறிய முன்வாசலும், மாடியில் ஒரே ஒரு ஜன்னலும் கொண்ட வீடு. அந்தப் பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். புத்தகங்கள் கணவருடைய அண்ணனுடையவை என்றாள். காலேஜில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவராம். "அவரு போய் ரெண்டு வருஷம் ஆச்சு. இனி யாரு இதைப் படிக்கப்போறா?" ஏழையும் ஒன்றாகக் கேட்டேன். தேடித்தேடித்தான் எடுக்க வேண்டும், சனிக்கிழமைக்கு ஒன்று தருகிறேன் என்றாள். ஒரு நாளும் என்னை உள்ளே கூப்பிட்டதில்லை.

புத்தகங்களின் ஓரத்தில் அவர் பென்சிலால் எழுதியிருந்தார். கடினமான சொல்லுக்குத் தமிழில் பொருள், சில இடங்களில் 'பொய்', சில இடங்களில் 'அடடா'. முத்து முத்தான கையெழுத்து. இறந்துபோன ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் சொல்வது போல இருந்தது. அவர் தயவில் வரிகள் மெல்ல மெல்லத் திறந்தன. நான்காவதாக வாங்கிய புத்தகத்தில் எழுத்து கொஞ்சம் சிறுத்திருந்தது. கண் மங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாவது புத்தகத்தைத் திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு இடைவேளையில் பிரித்தேன். இரங்கல் பாடல்கள். எழுத்துகள் எறும்பு அளவுக்குச் சுருங்கி, வரி போகப்போக இன்னும் குறுகி, கடைசியில் வெறும் கோடாக முடிந்தன. இந்தக் கையெழுத்தை எனக்குத் தெரியும். நடுக்குவாதத்துக்கு மருந்து வாங்குகிறவர்கள் என் பதிவேட்டில் போடும் கையெழுத்து இப்படித்தான் மாதாமாதம் சிறுத்துக்கொண்டே வரும். பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் படித்தேன்.

'மாத்திரை நிறுத்தி நான்கு நாள். விரல் பக்கத்தைப் புரட்ட மறுக்கிறது. கேட்டால் கடையில் இல்லை என்கிறாள்.'

கீழே தேதி. போன மாதம், பதினான்கு.

டப்பாவில் சோறு அப்படியே இருந்தது. தேதியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வருடத்தையும் பார்த்தேன். கவுன்ட்டரில் யாரோ சீட்டை நீட்டி, "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். அவர் தேதியைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். முகத்தில் வழக்கமான கேலி இல்லை.

"அந்த ஆளு உயிரோட இருக்காரு" என்றார்.

"அப்படித்தான் தெரியுது."

"தெரியுதுன்னா? வா, இப்பவே போலீஸுல சொல்லிடலாம்."

"அவசரப்படாதீங்க. தேதியை அவரே தப்பாப் போட்டிருக்கலாம். வயசானவரு." சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. "சனிக்கிழமை நேர்ல போய்ப் பேச்சுக் கொடுத்துப் பாக்குறேன். இன்னும் ரெண்டு தொகுதி வேற பாக்கி இருக்கு."

அவர் என்னையே பார்த்தார். இருபது வருடத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. "மருந்து கொடுக்கிறவதானே நீ" என்றார். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அந்த மருந்து நான்கு நாள் நின்றால் உடம்பு என்னவாகும் என்று எனக்குத் தெரியாதா? தசை இறுகும். முகம் கல்லாகும். பிறகு தொண்டை விழுங்க மறுக்கும். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. தினமும் அதே மாத்திரை அட்டைகளை எண்ணி எண்ணிக் கவரில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை மணியை அழுத்தியதும் அவள் வந்துவிட்டாள். இரண்டு தொகுதிகளும் கையிலேயே இருந்தன. "ரெண்டும் கிடைச்சிடுச்சு. இதோட சரி. இனிமே நீங்க வர வேண்டியதில்ல."

"உங்க வீட்டுக்காரரோட அண்ணன் ரூமை ஒரு தடவை பாக்கலாமாங்க? இவ்வளவு படிச்சவரு..."

"அங்க என்ன இருக்கு? எல்லாம் காலி பண்ணியாச்சு."

மாடியில் ஏதோ தரையில் இழுபட்டது. மெதுவாக, விட்டு விட்டு. நாங்கள் இரண்டு பேரும் கேட்டோம். அவள் கண் மேலே போகவில்லை, என் முகத்திலேயே நின்றது.

"எலி" என்றாள். "வீடு பழசு."

நான் அந்த இடத்திலேயே கத்தியிருக்க வேண்டும். ஆனால் என் கைகள் கம்பிக்குள் நீண்டு புத்தகங்களை வாங்கிக்கொண்டன. அவள் உள்ளே போய்த் தாழ் போடும் சத்தம் கேட்டது. எதிர்ச்சாரியில் ஒரு மூடிய கடையின் படியில் உட்கார்ந்து பன்னிரண்டாம் தொகுதியைப் பிரித்தேன். ஓரங்கள் வெறுமையாக இருந்தன. பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டே போனேன். கடைசி வெற்றுத்தாளில் மட்டும் பென்சில் கோடு. புழு ஊர்ந்த மாதிரி. அதைப் படிக்க இந்த ஊரில் என்னை விட்டால் ஆள் இருக்காது.

'இவற்றை வாங்கிப் போகிறவருக்கு. நான் இருக்கிறேன். மாடியில்.'

தேதி, செவ்வாய்க்கிழமை. நான் வீட்டுக்காரரிடம் சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னதற்கு மறுநாள்.

போலீஸுக்கு போன் செய்தேன். முகவரியைச் சொன்னேன், மாடி அறையைச் சொன்னேன், மாத்திரையைச் சொன்னேன். எதிர்முனைக்காரர் பொறுமையாக எழுதிக்கொண்டார்.

"சரிம்மா. நீங்க அவருக்கு என்ன வேணும்?"

சொந்தமும் இல்லை, மாணவியும் இல்லை. மூன்றாவது முறை கேட்டபோது, "அவரோட புத்தகத்தை எடுத்துட்டு வந்தவ" என்றேன்.

வண்டி அனுப்புவதாகச் சொன்னார்கள். வீட்டுக்காரரையும் கூப்பிட்டேன். "அங்கேயே இரு, நகராதே" என்றார். ரோட்டைக் கடந்து போய் மணியை அழுத்தினேன். உள்ளே சத்தமே எழவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினேன். மணியை உள்ளிருந்து நிறுத்திவிட்டிருந்தார்கள். "சார்!" என்று மாடியைப் பார்த்துக் கத்தினேன். பெயர் தெரியாது. "சார், நான் படிச்சுட்டேன் சார்!" பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ஜன்னல் திரை அசையவில்லை.

வீட்டுக்குள் எங்கேயோ தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் மேல் தொட்டி நிரம்பி வழிய ஆரம்பித்தது. தண்ணீர் சுவரில் இறங்கி, அந்த ஒற்றை ஜன்னலை நனைத்து, முன்வாசலில் பரவி, இரும்புக் கதவின் அடியால் தெருவுக்கு வந்தது. அதை நிறுத்த அவள் வரவில்லை. போலீஸ் வண்டியும் இன்னும் வரவில்லை. என் செருப்பு நனைந்தது. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது.