ஒட்டி வைத்த பன்கள்

ரெனிதாவுக்கு வலது தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. ஐந்து வருடமாக அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு மூடிகளை எடுத்துப் பார்த்துத் தட்டில் அடுக்கிய தோள். இன்று வீட்டில் மைதா மாவைப் பிசைந்துகொண்டிருந்தது.

இன்று சனிக்கிழமை, அவளுக்குக் காலை ஷிஃப்ட். பக்கத்து மேஜைக் கனிமொழி, தன் நைட் ஷிஃப்ட் முடிந்த கையோடு அதையும் நின்று பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள்.

"நீ ஊட்டுல பன்னு சுடு. அடுத்த சனிக்கிழம எனக்கோசரம் நீ நில்லு. பொண்ணு ஸ்கூல்ல மீட்டிங் கீது."

வேப்பம்பட்டு ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் புது ஃபிளாட்டில் குடியிருக்கும் ஸ்வாதி, மகளின் பிறந்தநாளுக்குப் பன்னிரண்டு ஹாட் டாக் பன் கேட்டிருந்தாள். மாலை ஐந்து மணிக்கு வேண்டும். ரெனிதாவுக்கு இதுதான் முதல் ஆர்டர். இது சரியாக அமைந்தால் நாலு பேர் கேட்பார்கள். கம்பெனியிடமிருந்து தோளை மெல்ல மீட்டுக்கொள்ளலாம்.

உருண்டையைத் தட்டி நீளமாக்கி, பாய் போல இறுக்கிச் சுருட்டி, விளிம்பைக் கிள்ளி ஒட்டி, ஒட்டிய பக்கம் அடியில் போக வைத்தாள். ஒன்றுக்கொன்று மூன்று விரல் இடைவெளி. கை தானாகவே அப்படி வைத்தது. கம்பெனி மேஜையில் மூடிகள் உரசினால் கீறல் விழும், ரிஜெக்ட்.

பன்னிரண்டு மணிக்கு ஓவனைத் திறந்தபோது பன்கள் பக்கவாட்டில் பரந்து தட்டையாகக் கிடந்தன. புருஷன் ஜோஸ் எட்டிப் பார்த்தான்.

"இன்னாம்மே, வறட்டி தட்டிட்டியா?"

"வாய மூடினு போய்யா."

சாப்பாட்டு நேரத்தில் கனிமொழி போன் செய்தாள். "இன்னாடி, வந்துச்சா?"

"மொத்தமும் ரிஜெக்ட்டுடி."

"அடிப்பாவி! என் காலு ரெண்டும் உப்பிகினு கீது, செருப்பே ஏறல. இதுக்கோசரமா நிக்கிறேன்? மறுபடி போடு, போ."

மிச்சம் இருந்தது அரைக் கிலோ மாவுதான். திரும்பவும் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி, பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே தரையில் சாய்ந்தாள். மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. ஈஸ்ட்டின் புளித்த இனிப்பு வாசம் அறையெங்கும் நிறைந்தது. எங்கோ ரயில் போனது. போய்க்கொண்டே இருந்தது.

அந்த ரயிலில் அவளும் இருந்தாள். காலை லோக்கல், பெண்கள் பெட்டி. பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. எல்லோரும் வெள்ளை வெளேரென்று, மெத்தென்று, சத்தமில்லாமல் உப்பிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் பரவ இடமில்லாததால் மேலே மேலே வளர்ந்தார்கள்; தலைகள் மின்விசிறிக் கூண்டைத் தொட்டன. ஒருத்தியும் விழவில்லை. அவளுடைய வலிக்கும் தோள் கனிமொழியின் தோளில் சாய்ந்திருந்தது. வலியே இல்லை. ஆவடி வந்தது, யாரும் இறங்கவில்லை.

விழித்தபோது துணி மேடாக எழும்பியிருந்தது. முகம்கூடக் கழுவாமல் உருட்டத் தொடங்கினாள். இந்த முறை அரை விரல் இடைவெளிதான் விட்டாள். கை தள்ளித் தள்ளி வைக்கவே பார்த்தது. இழுத்து இழுத்து வைத்தாள். அரை மணி நேரத்தில் பன்கள் உப்பி ஒன்றையொன்று தொட்டன. ஓவனுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிமிர்ந்தன.

வெளியே எடுத்து வெண்ணெய் தடவித் துணியால் மூடினாள். ஆறியதும் ஒன்றைப் பிரித்தாள். பஞ்சு பிய்வது போல வந்தது, பக்கமெல்லாம் வெள்ளை. ஜோஸ் வறட்டியில் ஒன்றை எடுத்துத் தின்றுகொண்டு நின்றான்.

ஐந்து மணிக்கு ஸ்வாதி தன் ஃபிளாட் வாசலிலேயே, ரெனிதா கொண்டுபோன பன் ஒன்றை விரலால் அமுக்கினாள். அமுங்கி, திரும்ப எழுந்தது.

"அக்கா, மெத்துமெத்துன்னு இருக்குதுங்க! அடுத்த சனிக்கிழமை ஆபீஸ்ல கேக்கறாங்க. இருபத்துநாலு, மத்தியானத்துக்குள்ள முடியுங்களா?"

"முடியும் மேடம்," என்றாள் ரெனிதா. யோசிக்கும் முன்பே வாயிலிருந்து வந்துவிட்டது.

கேட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்த பிறகுதான் கால் நின்றது. போனை எடுத்தாள். கனிமொழி இந்நேரம் தூங்கிக்கொண்டிருப்பாள், காலைத் தலையணை மேல் தூக்கி வைத்து. போனைத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கனிமொழிக்கு அவள் ஒரு ஷிஃப்ட் கடன்பட்டிருந்தாள். அதே சனிக்கிழமை, காலையிலிருந்து எட்டு மணி நேரம், நின்றபடி.