மானாச் சரிவில் வத்தாளங்கொடி

1

இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. நாம் சாப்பிடுவதும் வானத்தைச் சூடாக்குகிறது, அதில் பருப்பையும் கிழங்கையும்விட இறைச்சிக்கும் பாலுக்குமே பங்கு அதிகம் என்று எழுத உட்கார்ந்தேன். முதல் பத்தி முடியுமுன் இலங்கை மலையகத்தில், கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து ரெங்கம்மா மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். "என் மாட்டையும் அதுல சேத்துட்டீங்களா?" என்று கேட்டாள். சேர்த்திருந்தேன். கட்டுரை அங்கேயே நின்றுபோனது.

2

'எழுபத்து நான்காம் வருடப் பஞ்சத்தில், பசியால்...' (இப்படித் தொடங்கினால் வாசகர் உடனே அழத் தயாராகிவிடுவார். வேண்டாம்.)

மறுபடி தொடங்குகிறேன். ரெங்கம்மா கொழுந்து பறிப்பவள். புருஷன் தங்கராஜா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுபவன். அரிசியும் மாவும் அரிதாகிப்போன அந்த வருடத்தில் வீட்டைத் தாங்கியது ஒற்றை மாடுதான். பெரகலச் சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த காமில் பாலை வாங்கிக்கொள்வார்.

மாட்டுக்குப் புல் வேண்டுமே. கோடைதோறும் தங்கராஜா லயத்துக்கு மேலிருந்த மானாப்புல் சரிவுக்குத் தீ வைப்பான். எரிந்த இடத்தில், தூறல் பட்டதும் இளம்புல் முளைக்கும். ஆனால் பெருமழை வந்தால் சாம்பலும் மண்ணும் கரைந்து, லயமே குடிதண்ணீர் பிடிக்கும் ஊற்றுப் பீலியில் சேறாக இறங்கும். அடுத்த கோடைக்குள் பீலி நூலாக இளைத்துவிடும்.*

* மாட்டின் மேல் மட்டும் பழி போட என்னால் முடியவில்லை. அந்த மலையின் காட்டை மாட்டுக்கு முன்பே தின்றது தேயிலை. அதுவும் செடிதான்.

3

சித்திரை மழையில் ரெங்கம்மா சரிவின் அடியில் மானாவைப் பிடுங்கிவிட்டு வத்தாளங்கொடி, அதாவது சர்க்கரைவள்ளிக் கொடி, நட்டாள். பக்கத்து வீட்டு ராமலட்சுமி கொஞ்சம் கொடி கேட்டு வாங்கி, அதற்கு மேலே நட்டாள். பிறகு மற்றப் பெண்களும். ஆடியில் பாதிச் சரிவு கொடியாய்ப் படர்ந்திருந்தது.

தீயைத் தடுக்கத்தான் நட்டாளா, பசிக்கு நட்டாளா? காரணம் கொடுப்பது என் கையில்தான் இருக்கிறது. கொடுக்கக் கூச்சமாக இருக்கிறது.

ஒரு காலையில் தங்கராஜா தீப்பெட்டியோடு மேலே வந்தான். பெண்கள் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாரையும் விலகச் சொன்னான். ரெங்கம்மா மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

"வைங்க. ஊரு கெழங்கெல்லாம் மண்ணுக்குள்ளயே வெந்துரும்."

"மாடு என்னத்தத் திங்கும்?"

"கொடியத் திங்கட்டும். நாம கெழங்கத் திம்போம்."

('மாடு ஏப்பம் விட்டா வானம் சூடாவுதாம்ல' என்று ராமலட்சுமி சொல்வதாக இங்கே ஒரு வரி எழுதியிருந்தேன். அன்றைக்கு அந்த மலையில் அது யாருக்குத் தெரியும்? அடித்துவிட்டேன்.)

மனைவியோடு மல்லுக்கட்டலாம், லயத்தின் சாப்பாட்டுக்கே தீ வைக்க முடியாது. பெட்டியை மடியில் செருகிக்கொண்டு இறங்கினான். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

4

'ஐப்பசியில் பீலி பெருக்கெடுத்தது' என்று எழுதினேன். பொய். ஒரு கோடை தீ வைக்காததற்கு மலை அவ்வளவு சீக்கிரம் மனம் இளகாது. ஆனால் அந்த மழையில் சேறு வரவில்லை. தண்ணீர் மெலிதாகவும் தெளிவாகவும் விழுந்தது. தங்கராஜா குனிந்து இரு கையாலும் ஏந்திக் குடித்தான்.

மாடு மெலிந்தது. கொடி தீர்ந்தபின் பாலும் குறைந்தது. கார்த்திகையில் காமில் தானே மலையேறி வந்தார். மாட்டைத் தன்னிடம் தந்தால் கடைக்குப் பின்னால் கட்டிப் புண்ணாக்கு வைத்துக் காப்பாற்றுவதாகவும், விலைக்குப் பதில் மாவு தருவதாகவும் சொன்னார். நல்ல மனிதர், ஏமாற்றுகிறவர் இல்லை.

"குடுக்க இஷ்டமில்லாட்டி, அடுத்த கோடைக்குப் புல்லு வளத்துக்கோ, தங்கச்சி. எனக்குப் பால் வேணும், அவ்வளவுதான்."

புல் வளர்ப்பதென்றால் மறுபடி தீ வைப்பது என்று மூவருக்கும் தெரியும். ரெங்கம்மா புருஷனைப் பார்த்தாள். ஆடியில் அவளிடம் மல்லுக்கு நின்றவன், "ஒன் இஷ்டம் புள்ள" என்றான்.

"கொஞ்சம் இருங்க நானா" என்று காமிலை அண்ணனாக அழைத்துச் சொல்லிவிட்டு அவள் மாடு கட்டியிருந்த பக்கம் ஏறிப்போனாள்.

5

மாட்டோடு இறங்குகிறாள் என்று ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். வீட்டில் பால் இல்லாமல் போனது. வெறுங்கையோடு இறங்குகிறாள் என்றும் எழுதினேன். தங்கராஜாவின் மடியில் தீப்பெட்டி தெரிந்தது. என் கட்டுரையின் கணக்கு இரண்டுக்குமே உதவவில்லை.

வாசகரே, அவள் இன்னும் மேலேதான் இருக்கிறாள். காமில் வாசலில் காத்திருக்கிறார். மலையேறி வந்த மனிதர்; அவருக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி கொடுங்கள். பால் ஊற்றலாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.