இந்த இடத்தில் வெட்டலாம்

த்வர்த்கோ பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தார். அவர் மனைவி நிவெஸ் அதை இன்னும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சந்தையில் மீன்காரி, "எங்கம்மா, உங்க வீட்டுக்காரரைக் காணோம்?" என்று கேட்டபோதுகூட "வரல" என்று சொல்லிவிட்டு, மத்தியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். மறைக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. அந்தச் சொல் வாயில் வரவில்லை, அவ்வளவுதான். அழுகையும் வரவில்லை. அவர்கள் ஊரான ரியெக்காவில் தெற்குக் காற்று அடித்தாலே தலைவலி வரும், அன்றைக்கு ஊருக்கே தலைவலி. இவளுக்கு அதுகூட இல்லை. மரத்துப்போய்க் கிடந்தாள்.

புருஷனும் பெண்டாட்டியும், புருஷனுடைய பள்ளித் தோழர் சில்வியேவுமாக ஒரு மென்பொருளைப் பராமரித்து வந்தார்கள். குரோவாஷியச் சொல் ஒன்று வரியின் கடைசியில் இடமில்லாமல் முட்டினால், அதை எந்த எழுத்தில் வெட்டி அடுத்த வரிக்குத் தள்ளலாம் என்று சொல்வது அதன் வேலை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தம் சொல்லலாம், காசு கிடையாது. செய்தித்தாள்காரர்கள், புத்தகம் போடுகிறவர்கள் என்று பல பேர் அதை நம்பியிருந்தார்கள்.

த்வர்த்கோ கெட்டிக்காரர்தான். ஆனால் குறிப்பு எழுது என்றால் கல்லுளிமங்கன். மென்பொருளில் ஒரு வரி ஏன் அங்கே இருக்கிறது என்று பக்கத்தில் இரண்டு வார்த்தை எழுதி வைத்தால் கை தேய்ந்தா போய்விடும்? "நான் இங்கதானே உக்காந்திருக்கேன், கேளேன்" என்பார். இப்போது போய்க் கேள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஸ்பிளித்திலிருந்து சில்வியே கூப்பிட்டார்.

"ஒசியெக்ல இருந்து லியெர்க்கான்னு ஒரு அம்மா, பத்திரிகையில பக்கம் கட்டுறவங்க. நம்மாளு எழுதின ஒரு வரியைத் தூக்கணுமாம். 'அழைக்காத கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி நிக்குது, யாருன்னு சொல்ல ஆளில்ல'ன்னு எழுதியிருக்காங்க. பாத்தியா?"

"பாத்தேன்."

"'ட்'டும் 'ஷ்'ஷும் ஒட்டி வந்தா நமக்கு அது ஒரே எழுத்து. நடுவுல வெட்டவே கூடாது. இவன் என்னடான்னா ஒரு இடத்துல வெட்டலாம்னு போட்டு வச்சிருக்கான். ஏன்னு சொல்லல, மகராசன். தூக்கிப் பாத்தேன், வெட்டு சரியா விழுதான்னு பாக்க நாம வச்சிருக்கிற எல்லாச் சோதனையும் தேறுது. சாயங்காலம் புதுப் பதிப்பு போகணும். காரணம் தெரிஞ்சா எழுதும்மா, இல்லன்னா தூக்கிடலாம்."

"தூக்கிடு."

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அவர் கைப்பட எழுதியதில் ஒன்று போகிறது, தனக்கு வலிக்கவே இல்லை. அது அவளைப் பயமுறுத்தியது. 'கொஞ்சம் பொறு' என்று சில்வியேவுக்குச் செய்தி அனுப்பினாள்.

அகராதிச் சொற்கள் அத்தனையையும் அந்த வரியோடு ஒருமுறை, வரி இல்லாமல் ஒருமுறை ஓடவிட்டு, வெட்டுகளை ஒப்பிட்டாள். ஒரே ஒரு சொல்லின் குடும்பம்தான் மாறியிருந்தது. நட்ஷிவ்யெத்தி.

'நட்' என்றால் தாண்டி. 'ஷிவ்யெத்தி' என்றால் வாழ்வது. ஒருவர் செத்த பிறகும் மற்றவர் உயிரோடிருப்பதற்கு அங்கே இந்த ஒற்றைச் சொல்தான். பார்வைக்கு அந்த 'ட்'டும் 'ஷ்'ஷும் ஒரே எழுத்து. உள்ளே ஒரு சொல் முடிந்து இன்னொன்று தொடங்குவதால் வேறு வேறு, வெட்டலாம்.

அந்த வரி என்றைக்குச் சேர்ந்தது என்று பார்த்தாள். நவம்பரில், மருத்துவர் ஸ்கேனைக் காட்டிப் பேசிய அன்று சாயங்காலம். வீட்டுக்கு வந்ததும் மனுஷன் ஒரு வார்த்தை பேசாமல் கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டார். இப்படி ஊமைக் கோட்டான் மாதிரி உட்கார்ந்திருக்கிறாரே என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கீரையும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, தனியாகச் சாப்பிட்டுப் படுத்துவிட்டாள். அந்த நேரத்தில் அவர், இந்தச் சொல் எங்கே உடையும் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். யாரைத் தாண்டி யார் வாழப்போகிறார் என்று அவருக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

குறிப்பு எழுதினாள். 'நட் என்பது முன்னொட்டு. இங்கே இரண்டும் தனித்தனி எழுத்து. இந்த இடத்தில் வெட்டலாம்.'

சற்று நேரத்தில் லியெர்க்கா பதில் போட்டாள். "நான் தூக்கச் சொன்னது தப்புங்க. நாளைக்கு இன்னொருத்தர் என்னை மாதிரியே கை வைக்கக் கூடாது. சோதனைக்கு முழு வாக்கியம் ஒண்ணு போட்டுடுங்க. யாராவது நிஜமா சொல்ற மாதிரி."

நிவெஸ் 'தாய் மகனை' என்று தொடங்கி அழித்தாள். 'நூல் ஆசிரியரை' என்று தொடங்கி அதையும் அழித்தாள். பிறகு ஒன்றை எழுதி அனுப்பினாள். உடனே சில்வியே கூப்பிட்டார்.

"வாக்கியம் பாத்தேன், நிவெஸ்."

"வெட்டு சரியா விழுதா?"

"விழுது. பேரை மாத்திடட்டுமா? பாடப் புத்தகத்துல வர்ற மாதிரி அனா, மார்க்கோன்னு. ஊரே படிக்கும்மா."

"அனாவுக்கு ஒண்ணும் ஆகலையே, சில்வியே."

அந்தப் பக்கம் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. அவர் முடிக்கும்வரை நிவெஸ் காத்திருந்தாள். அவளுக்கு எதுவும் வரவில்லை.

"சரிம்மா. அப்படியே விடுறேன்."

சாயங்காலம் பதிப்பு வெளியானது. சோதனைப் பக்கத்தில் அந்த வாக்கியம் இடம் போதாமல் இரண்டாக நின்றது. மேல் வரியில் 'த்வர்த்கோவை நிவெஸ் நட்-' என்று இருந்தது. கீழ் வரியில் 'ஷிவ்யெலா', அதாவது வாழ்ந்தாள்.

நிவெஸ் அதை வாய்விட்டுப் படித்தாள். சிறு கோடு வந்த இடத்தில் குரல் நின்றுபோயிற்று. வெகுநேரம் கழித்து மிச்சத்தையும் படித்தாள்.