‘மற்றவை’யில் விழுந்த பக்கங்கள்

படித்தவர்களின் எண்ணிக்கை அறிக்கையில் ‘வீட்டில் நோயாளி’ என்ற குழுவுக்கு நேராகப் பூஜ்யம் இருந்தது. குறைவான எண்ணாக இருந்திருந்தால் அவள் பயந்திருப்பாள். பூஜ்யத்தைக் கண்டதும் அவளுக்கு நம்பிக்கைதான் வந்தது. ஒருவர்கூடவா படிக்காமல் இருப்பார்கள்? எங்கோ கோளாறு.

உடல்நலம் பற்றிய இணையதளம் அது. எழுதுகிறவர்கள் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வகைப் பெயர் வைப்பார்கள். அந்த வகைகளை உணவு, தூக்கம், குழந்தை என்று பெரிய குழுக்களில் சேர்த்துவிடுவது அவள் வேலை. எந்தக் குழுவை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பது அப்படித்தான் தெரியவரும். அலுவலகத்தில் அவளைக் ‘கணக்குப்பிள்ளை’ என்றுதான் கூப்பிடுவார்கள். ‘வீட்டில் நோயாளி’ பக்கங்களை எழுதுவது அவளுடைய அக்கா. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். அத்தான் பக்கவாதத்தில் விழுந்ததும் வேலையை விட்டுவிட்டு, அவருக்குச் செய்வதையெல்லாம் அவர் கட்டிலருகே உட்கார்ந்தே எழுதிக்கொண்டிருந்தாள். வீட்டைவிட்டு நகராமல் பார்க்கக்கூடிய வேலை அவளுக்கு இது ஒன்றுதான்.

ஆள் வராத குழுக்களை அன்று மாலையோடு மூடப்போகிறார்கள். அக்கா காலையிலேயே கூப்பிட்டுவிட்டாள்.

“மீட்டிங்ல என் பேச்சு வருமாடி?”

“வராதுக்கா. கணக்குல ஏதோ தப்பு. நான் பாத்துக்கறேன்.”

“அடுப்புல இருக்கற பாலப் பாத்துக்கறேன்னு சொல்லிப் பொங்கவிட்டவதானே நீ.”

கோளாறு சீக்கிரமே அகப்பட்டது. தளத்தைப் புதுப்பித்தபோது யாரோ அக்காவின் பக்கங்களுக்கான ‘வீட்டுப் பராமரிப்பு’ என்ற வகைப் பெயரை ‘இல்லப் பராமரிப்பு’ என்று மாற்றியிருந்தார்கள். அவளிடம் சொல்லவில்லை. தெரியாத பெயரெல்லாம் ‘மற்றவை’ என்ற குழுவில் போய் விழும். புதுப் பெயரைச் சேர்த்தாள். ஆனால் அது இனி வருகிறவர்களைத்தான் எண்ணும். வந்துபோனவர்கள் விழுந்த இடத்திலேயே கிடப்பார்கள். ஆகவே ‘மற்றவை’யைத் திறந்து, குப்பைக்குள் மோதிரம் தேடுகிறவளைப்போல அக்காவின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். படுக்கைப்புண். குழாய் வழியாக உணவு. பேச முடியாதவரிடம் பேசுவது. மதியம் சாப்பிடக்கூட அவள் எழுந்திருக்கவில்லை.

கூட்டிப் பார்த்தாள். யானைப் பசிக்குச் சோளப்பொரி. கூட்டல் தப்பாக இருக்கக்கூடாதா என்று வேண்டிக்கொண்டு மறுபடி கூட்டினாள். அதேதான். பூஜ்யமாகவே விட்டிருந்தால் கோளாறு என்று சொல்லி ஒரு மாதம் கேட்டிருக்கலாம். தன் கையாலேயே அந்த வாய்ப்பையும் கெடுத்துவிட்டிருந்தாள். மீட்டிங்குக்குக் கொஞ்ச நேரமே இருந்தது. முதுகுவலிப் பக்கங்களுக்கு எப்போதும் கூட்டம். அவற்றை அள்ளி அக்காவின் குழுவில் போட்டாள். குழு ஒரே மூச்சில் பிழைத்துக்கொண்டது.

மீட்டிங்கில் மேலாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவள் அறிக்கையைப் பார்த்தார். “முதுகுவலி எப்படிம்மா இதுல வந்துச்சு?”

“படுத்த ஆளத் தூக்கறவங்களுக்கு முதுகு வலிக்கும் சார்.”

அவர் சிரிக்கவில்லை. “உங்கக்கா கஷ்டம் எனக்கும் தெரியும். அத எடுத்துட்டுச் சொல்லுங்க.”

எடுத்துவிட்டுச் சொன்னாள்.

“கொஞ்சம் பேர்தான்” என்றார் மேலாளர்.

“கொஞ்சம் பேர்தான் சார். ஆனா வந்தவங்களே திரும்பத் திரும்ப வராங்க. வேற போக்கிடம் இல்லாதவங்க.” ஓரடி முன்னால் வந்தாள். “மூணு மாசம் குடுங்க சார். கால்ல வேணா விழறேன்.”

“ஐயோ, அப்படியெல்லாம் பேசாதீங்க.” அவர் எழுந்தே விட்டார். “என் கையில இல்லம்மா. மேல முடிவு பண்ணிட்டாங்க. அந்தப் பக்கங்களுக்கு வர்றவங்க தளத்தோட முகப்புப் பக்கத்துக்குப் போற மாதிரி மாத்திடுங்க. அக்காகிட்ட நான் பேசட்டுமா?”

“வேணாம் சார்.”

இருக்கைக்கு வந்து அக்காவைக் கூப்பிட்டாள். வாய் திறப்பதற்கு முன்பே அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

“எத்தன பேருடி படிச்சாங்க?”

“கொஞ்சம் பேர்க்கா.”

“யாருமே இல்லன்னு இல்லல்ல?”

“இல்லக்கா.”

“இரு, இவரத் திருப்பிப் போடணும்” என்று அக்கா போனைத் துண்டிக்காமலே எங்கோ வைத்தாள். கட்டில் கிறீச்சிட்டது. “கையக் குடுங்க... இந்தப் பக்கம்... ஆச்சு, ஆச்சு” என்று மூச்சிரைக்கும் குரல் தூரத்திலிருந்து கேட்டது.

பக்கங்களை முகப்புக்கு மாற்றும் கட்டளையைத் தட்டி முடித்துவிட்டாள். பொத்தானை அழுத்துவதுதான் பாக்கி. எதற்கென்று தெரியாமலே, இப்போது தளத்தில் யார் இருக்கிறார்கள் என்று காட்டும் திரையைத் திறந்தாள். ‘தனியாளாகப் புரட்டிப் படுக்கவைப்பது’ என்ற பக்கத்தில் ஒருவர் இருந்தார். எந்த ஊரோ, யாருடைய கட்டிலோ. படித்து முடித்து, அடுத்ததற்குப் போனார். பிறகு புரட்டும் பக்கத்துக்கே திரும்பி வந்தார்.

“முடிஞ்சுதாம்மா?” என்று மேலாளர் அறையிலிருந்து கேட்டார்.

காதில் அக்காவின் மூச்சு இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் பொத்தான்மேலிருந்து விரலை எடுத்தாள்.

“இருங்க சார். உள்ள ஒருத்தர் இருக்காங்க.”